பதின்மூன்று இலக்கப் பேரெண் தரும் பாடம்

(மயிலாப்பூரில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய மேடைகளில் ஆட்சிமொழி பற்றிப் பேசுவோம். வழிபாட்டுமொழி பற்றிப் பேசுவோம். கலைச்சொல் பற்றியும் பேசுவோம். இன்று நான் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்துள்ளேன். ஒரே ஓர் எண். முப்பதாண்டுக்கு மேல் கணக்குக் கற்பித்துப் பிழைத்தவன் நான். எனக்குப் பழகிய கருவி அஃதொன்றே. அவ்வெண்ணை இக்கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்: 3972999029388. பதின்மூன்று இலக்கங்கள்.

சில திங்களுக்கு முன் தியாகராய நகரில் உள்ள என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவள் பெயரன் ஏழாம் வகுப்பில் படிப்பவன், கூர்த்த அறிவினன். இவ்வெண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, டிரில்லியன், பில்லியன், மில்லியன் எனத் தடையின்றி ஆங்கிலத்தில் படித்து முடித்தான். "இனித் தமிழில் சொல்லப்பா" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, தமிழ்ல அவ்வளவு பெரிய நம்பர் இருக்கா?" என்று கேட்டான்.

அவன் என்னைப் பழிக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். அவன் படிக்கும் பள்ளியில் தமிழில் பேசினால் தண்டத்தொகை கட்ட வேண்டுமாம். அத்தகைய இடத்தில் வளரும் பிள்ளை வேறு என்ன கேட்பான்? அன்று நான் அவனுக்குச் சொன்ன விடையைத்தான் ஈண்டு உங்கள் முன் விரிக்கப் போகிறேன்.

முதலில் இவ்வெண்ணைத் தமிழில் படிப்போம். மூன்று நூறாயிரத்துத் தொண்ணூற்றேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடியே, தொண்ணூறு நூறாயிரத்து இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. புதுச்சொல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆயிரம், நூறாயிரம், கோடி என்னும் மூன்று படிகளே போதுமானவையாக இருந்தன. தொல்காப்பியம் ஐ, அம், பல் என்னும் ஈறுகளையுடைய எண்ணுப்பெயர்களைக் குறிக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன அவையென உரையாசிரியர் விளக்குவர். பரிபாடலும் நெய்தல், குவளை, ஆம்பல், வெள்ளம் என்று அளவிறந்த காலப்பரப்பை எண்ணுப்பெயர்களாற் சுட்டுகிறது. ஆகலின் பெரிய எண்ணைக் கண்டு தமிழ் என்றும் நாக்குழறியதில்லை.

ஆயின், தோழர்களே, ஒன்றை இங்கேயே வெளிப்படச் சொல்லிவிடுகிறேன். பேரெண்ணுக்குப் பெயர் வைத்திருந்தோம் என்பதனாலேயே பேரெண்ணின் இயல்புகளையெல்லாம் அறிந்திருந்தோம் என்று ஆகிவிடாது. ஆம்பலுக்கு இத்தனை சுழி, வெள்ளத்துக்கு அத்தனை சுழி என்று நாமாகவே பட்டியல் கட்டிக்கொண்டு, "உலகுக்கே கணக்குச் சொன்னோம்" என மார்தட்டுவது பெருமையாகாது. பெயர் சூட்டுவது முதற்படி. அப்பெயருக்குரியதன் உள்ளே புகுந்து பார்ப்பது அடுத்த படி. நாம் பலகாலமாக முதற்படியிலேயே நின்று முழங்குகிறோம். இன்று அடுத்த படியில் கால்வைப்போம்.

இவ்வெண் எங்கிருந்து வந்தது? ஐந்து கழற்சிக்காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும். ஐந்தையும் ஒரே குவியலாக வைக்கலாம். நான்கும் ஒன்றுமாக வைக்கலாம். மூன்றும் இரண்டும், மூன்றும் ஒன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும் ஒன்றும், இரண்டும் மூன்று ஒன்றுகளும், இறுதியாக, ஐந்தும் தனித்தனியே. எந்தக் குவியல் முன், எந்தக் குவியல் பின் என்பதைக் கருத வேண்டா. ஆக ஏழு வகை. எட்டாவது வகை இல்லை. இவ்வாறு ஓர் எண்ணைப் பிரிப்பதைக் 'கூறிடல்' என்போம். பிரிக்கும் வகைகளின் மொத்தத்தைக் 'கூறுதொகை' என்போம். ஐந்தின் கூறுதொகை 7.

திண்ணையில் அமர்ந்து சிறுமியர் ஆடும் ஆட்டம் போன்றதுதான் இது. ஆயின் இது வளரும் விரைவைப் பாருங்கள். பத்தின் கூறுதொகை 42. இருபதின் கூறுதொகை 627. ஐம்பதுக்கு 2,04,226. நூற்றுக்கு 19,05,69,292. இருநூறு கழற்சிக்காய்களைக் கூறிடும் வகைகள் எத்தனை? அதுவே இக்கரும்பலகையில் உள்ள பேரெண். நொடிக்கு ஒரு வகையாக, உண்ணாமலும் உறங்காமலும் எண்ணினாலும், எண்ணி முடிக்க 1,25,000 ஆண்டுகளுக்கு மேலாகும். இருநூறு காய் ஒரு சிறு பைக்குள் அடங்கும். அவற்றைக் கூறிடும் வகைகளோ மாந்த வாழ்நாளுக்குள் அடங்கா.

எண்ணி முடிக்க இயலாத ஒன்றை எவ்வாறு கண்டறிந்தனர்? 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் பேரறிஞர் ஒரு வழி கண்டார். 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என ஓர் ஒழுங்கில் வளரும் எண்வரிசை உண்டு. ஓர் எண்ணின் கூறுதொகை வேண்டுமாயின், அவ்வெண்ணிலிருந்து இவ்வரிசை எண்களை ஒவ்வொன்றாகக் கழித்து, வரும் எண்களின் கூறுதொகைகளில் முதலிரண்டைக் கூட்டி, அடுத்த இரண்டைக் கழித்து, மறுபடி இரண்டைக் கூட்டிச் செல்ல வேண்டும். பத்துக்குப் பாருங்கள். 10-இலிருந்து 1, 2, 5, 7 கழிக்க 9, 8, 5, 3 வரும். அவற்றின் கூறுதொகைகள் 30, 22, 7, 3. முப்பதும் இருபத்திரண்டும் ஐம்பத்திரண்டு. ஏழையும் மூன்றையும் கழிக்க நாற்பத்திரண்டு. விடை சரியாக இருக்கிறது.

இருநூற்றுக்கு இம்முறையில் இருபத்திரண்டு எண்களைக் கூட்டியும் கழித்தும் ஆக வேண்டும். அதற்கு முன், ஒன்று முதல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை அத்தனை எண்களின் கூறுதொகைகளும் கையில் இருக்க வேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தால் அதன்பின் வருவன எல்லாம் பிழை. பீரங்கிப் படையில் மேசராக இருந்த மெக்மாகன் என்னும் ஆங்கிலேயர் இப்பட்டியலை இருநூறு வரை கையாலேயே போட்டு முடித்தார். அப்பட்டியலின் கடைசி எண் 3972999029388.

இவ்விடத்தில்தான் நம்மவர் வருகிறார். ஈரோட்டில் 1887-இல் பிறந்து, குடந்தையில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, 1914-இல் கேம்பிரிட்சு சென்ற இராமானுசன். அவரும் ஆர்டியும் சேர்ந்து 1918-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். சிறிய எண்களின் கூறுதொகைகளைப் படிப்படியாகக் கட்டிக்கொண்டு ஏறாமல், வேண்டிய எண்ணை நேரே சென்று பற்றும் வாய்பாடு அது. அதில் வட்டச் சுற்றை விட்டத்தால் வகுத்தால் வரும் முடிவிலா எண் இருக்கிறது. இருபடி மூலங்கள் இருக்கின்றன. முழு எண் எதுவும் பிறக்கக்கூடும் என்று தோன்றாத உறுப்புகள் அவை.

இருநூற்றுக்கு அவர்கள் எட்டு உறுப்புகளைக் கணக்கிட்டனர். முதல் உறுப்பு 3972998993185.896. இரண்டாவது 36282.978. மூன்றாவது கழிக்க வேண்டியது, 87.555. அடுத்து 5.147, பின் 1.424; பின் 0.071, பின் சுழி, இறுதியில் 0.043. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 3972999029388.004. மெக்மாகன் ஆயிரக்கணக்கான கூட்டல் கழித்தல்களின் வழியே நடந்து சேர்ந்த அதே இடத்தை, எட்டே அடியில், ஆயிரத்தில் நான்கு பங்கு வேறுபாட்டோடு இவர்கள் அடைந்துவிட்டனர். கூறுதொகை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும்; ஆகலின் அந்த 0.004-ஐ நீக்கினால் விடை உறுதி. பின்னர் 1937-இல் இராடெமேக்கர் என்பார் இவ்வாய்பாட்டைத் திருத்தி, வேறுபாடே இல்லாத முழு வாய்பாடாக ஆக்கினார்.

அன்பர்களே! ஓர் எண்ணின் பருமனைக் கண்டோம். இனி அதன் இயல்புகளைக் காண்போம். 3972999029388 இரட்டைப்படை எண். கடைசி ஈரிலக்கம் 88 ஆதலின் நான்கால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 78. ஆகவே மூன்றாலும் வகுபடும். எனவே பன்னிரண்டால் வகுபடும், ஈவு 331083252449. ஆயின் ஐந்தாலோ ஏழாலோ பதினொன்றாலோ மீதியின்றி வகுபடாது. "ஏன் இந்த மூன்று எண்களைக் குறிப்பாகச் சொல்கிறாய்?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

மெக்மாகன் பட்டியலைப் பலரும் பார்த்தனர். கூறுதொகைகளின் அளவைக் கண்டு வியந்து நின்றனர். இராமானுசன் வேறொன்றைக் கண்டார். நான்கின் கூறுதொகை 5. ஒன்பதின் கூறுதொகை 30. பதினான்குக்கு 135. பத்தொன்பதுக்கு 490. இருபத்துநான்குக்கு 1575. அதாவது, நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண் எதுவாயினும் அதன் கூறுதொகை ஐந்தால் வகுபடும். நம் பேரெண்ணுக்கு முன்னால் நிற்கும் 199-ஐப் பாருங்கள். ஒன்பதில் முடிகிறது. அதன் கூறுதொகை 3646072432125, ஐந்தால் வகுபடுகிறது. இவ்வாறே 5, 12, 19, 26 என ஏழேழாகச் செல்லும் எண்களின் கூறுதொகைகள் 7, 77, 490, 2436. எல்லாம் ஏழால் வகுபடும். 6, 17, 28 எனப் பதினொன்று பதினொன்றாகச் செல்வனவற்றின் கூறுதொகைகள் 11, 297, 3718. எல்லாம் பதினொன்றால் வகுபடும். இருநூறு இம்மூன்று வரிசைகளில் ஒன்றிலும் இல்லை. கூட்டலாற் பிறந்த எண்களுக்குள் வகுத்தலின் ஒழுங்கு ஒளிந்திருக்கும் என்று எவர் எண்ணினார்? பட்டியல் எல்லார் கையிலும் இருந்தது. கண் ஒருவருக்கே இருந்தது. ஐந்துக்கும் ஏழுக்கும் உரிய மெய்ப்பிப்பை 1919-இல் அவர் வெளியிட்டார்.

அதே இராமானுசன் இவ்வொழுங்கு ஐந்து, ஏழு, பதினொன்று ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் பொருந்தும் என்று கருதினார். அதன்படி 243-இன் கூறுதொகை 343-ஆல் வகுபட வேண்டும். பஞ்சாபைச் சேர்ந்த குப்தா என்னும் அறிஞர் மெக்மாகன் பட்டியலை மேலும் நீட்டித்தார். அதனைக் கொண்டு 1934-இல் சௌலா என்பார், "243-க்கு இது பொருந்தவில்லை" என்று காட்டினார். எவரும் சௌலாவைப் பகைவர் என்று தூற்றவில்லை. இராமானுசனின் புகழும் அதனால் ஒரு கடுகளவும் குறையவில்லை. பிற்காலத்தோர் அக்கருத்தைத் திருத்தி, ஏழின் அடுக்குக்கு எது பொருந்துமோ அதனை மெய்ப்பித்தனர். நம் இயக்கத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாம் போற்றும் பெரியோர் சொன்னதாயினும் சரி பார்க்க வேண்டும். தவறாயின் திருத்த வேண்டும். அவ்வாறு செய்வது அவர்க்கு இழுக்கன்று. செய்யாமல் விடுவதே இழுக்கு.

இனி இம்மண்ணுக்கு வருவோம். 1919 மார்ச்சில் இராமானுசன் நோயுற்ற உடலோடு தாய்நாடு திரும்பினார். சென்னையில் அவர் தங்கிய இடங்களுள் ஒன்று இந்த மயிலாப்பூரின் இலசுத் தேவாலயச் சாலையில் இருந்த ஒரு வீடு. 1920 ஏப்பிரல் 26-இல் சேத்துப்பட்டில் மறைந்தார், அகவை முப்பத்திரண்டு. இதே மயிலாப்பூரில்தான் பேராசிரியர் அல்லாடி இராமகிருட்டிணன் தம் வீட்டிலேயே இளைஞர்களைக் கூட்டி அறிவியற் கருத்தரங்கு நடத்தினார். அம்முயற்சியின் விளைவாக 1962 சனவரி 3-இல் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. இன்று அது அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்குகிறது. ஆக, உலகக் கணக்கறிஞர் நாடிவரும் ஊர் இது. அவ்வூரில் வளரும் பிள்ளைதான், தமிழில் பேரெண் உண்டா என்று கேட்கிறான்.

"இராமானுசன் ஆர்டிக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதியதால்தானே உலகம் அவரை அறிந்தது?" என்று சிலர் கேட்பர். உண்மைதான், மறுக்கவில்லை. எவர் படிக்க வேண்டுமோ அவர் மொழியில்தான் மடல் எழுத வேண்டும். ஆயின் அதே ஆங்கிலம் அவருக்கு என்ன செய்தது என்பதையும் மறவாதீர்கள். குடந்தைக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் அவர் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் இடைநிலைத் தேர்வில் வெல்லவில்லை. கணக்கைத் தவிர வேறெதிலும் அவர் கருத்துச் செலுத்தாததும் ஒரு கரணியமே; அதையும் சேர்த்தே சொல்கிறேன். இருப்பினும், எண்ணில் ஒப்பற்ற ஒருவரை, எண்ணொடு தொடர்பில்லாத ஒரு தாளைக் கொண்டு நம் கல்வி வாயிலிலேயே நிறுத்திவிட்டது. அவர் எப்படியோ தப்பி வந்தார். தப்பி வராதவர் எத்தனை பேர்? அவர்களைக் கணக்கிட எந்த வாய்பாடும் இல்லை.

அவர் பிறந்த குலத்தைச் சொல்லி, "அவரைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?" என்பாரும் உளர். ஐந்து கழற்சிக்காயை யார் பிரித்தாலும் ஏழு வகைதான். எண்ணுக்குக் குலமில்லை, அதைக் கற்கும் உரிமைக்கும் குலமில்லை. அவ்வுரிமை குப்பத்துப் பிள்ளைக்கும் உழவர் பிள்ளைக்கும் சென்று சேர வேண்டுமாயின், அஃது அப்பிள்ளையின் வீட்டுமொழியில்தான் சென்று சேரும்.

2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமானது. மகிழ்ந்தோம். ஆயின் தமிழைப் பாடமாகக் கற்பது வேறு. தமிழால் பாடம் கற்பது வேறு. தமிழ் வகுப்பில் செய்யுளை ஒப்புவித்துவிட்டு, கணக்கு வகுப்புக்குள் நுழையும்போது தமிழை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் பிள்ளைக்குத் தமிழ் அணிகலனாக இருக்கும், கருவியாக இராது. அணிகலன் பெட்டிக்குள் போய்விடும். கருவிதான் கையில் நிற்கும்.

இதற்கு நாம் என்ன செய்யலாம்? அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றிரவு ஒரு பிள்ளையை அருகே அமர்த்துங்கள். காயோ, புளியங்கொட்டையோ, சோழியோ, ஆறு எடுத்துக் கொடுங்கள். "எத்தனை வகையாகக் கூறிடலாம்?" என்று தமிழில் கேளுங்கள். பதினொன்று வர வேண்டும். ஒன்று குறைந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள், தேடவிடுங்கள். பிறகு ஏழு, பதினைந்து வரும். பிறகு எட்டு, இருபத்திரண்டு வரும். அதற்குள் அப்பிள்ளை தானே ஒழுங்கைத் தேடத் தொடங்கிவிடும். எத்தனை மணிநேரம் சொற்பொழிவாற்றினாலும் ஊட்ட முடியாத மொழிப்பற்றை அந்தத் தேடல் ஊட்டும்.

தேடுவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஓர் எண்ணின் கூறுதொகை எப்போது இரட்டைப்படையாக இருக்கும், எப்போது ஒற்றைப்படையாக இருக்கும் என்னும் எளிய கேள்விக்கு உலகில் எவரும் இன்றளவும் முழு விடை கூறியதில்லை. கேள்வி பத்து அகவைப் பிள்ளைக்கும் விளங்குகிறது. விடை பேரறிஞர்க்கும் எட்டவில்லை. அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. அதனுள் நுழையும் முதல் ஆள், "கூறுதொகை" என்று சொல்லி வளர்ந்த ஒரு பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது?

என் தங்கை பெயரனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று ஆறு காய்களில் தொடங்கி, இரவு உணவுக்கு அழைக்கும்வரை அவன் எழவில்லை. எட்டுக்கு இருபத்தொன்று என்றான். "இன்னொன்று இருக்கிறது" என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்தவன், "கண்டுபிடிச்சிட்டேன் தாத்தா! மூணு, மூணு, ரெண்டு!" என்று கூவினான். பின்பு அந்தத் தாளை எடுத்துப் பதின்மூன்று இலக்கப் பேரெண்ணைத் தமிழில் படித்தான். இரண்டிடத்தில் தடுக்கினான். மூன்றாம் முறை தடுக்கவில்லை.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்ணாகக் கொண்ட இனம் நாம். எழுத்துக் கண்ணைக் காக்கப் பல்லாண்டாகப் போராடி வருகிறோம். மற்றக் கண்ணைக் கட்டிவைத்துவிட்டு நடந்தால் எவ்வளவு தொலைவு நடப்போம்? அதனையும் திறப்போம். பெருமையைச் சொல்லால் அன்று, உழைப்பால் ஈட்டுவோம். தமிழில் எண்ணுவோம், எண்ணியதை மெய்ப்பிப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழரின் அறிவு!